விரல் மடக்கும் டீச்சர்

எங்கள் பள்ளியில் பதினெட்டு வருடமாகச் சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்டதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு விரலாக மடக்குவார். பத்தும் மடங்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் தெரியும். அது வாய்க்கு வந்து சேரத்தான் நேரமாகும். எங்களைப் போன்ற மற்ற ஆசிரியர்கள் பொறுக்கமாட்டாமல் பதிலை நாங்களே சொல்லித் தொலைப்போம்.

"வீட்லயும் இதே கதைதான். காபி வேணுமான்னு கேப்பா. வேணும்னு நான் சொன்ன பிறகும், விரலை மடக்கி முடிச்சாத்தான் அடுப்படிக்குப் போவா" என்பார் அவர் கணவர்.

ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி, அந்த வகுப்பில் ஒரு சிறுமியிடம், "மதியம் என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டார். இரண்டு நொடிகூட ஆகவில்லை, "பேச்சு வராதா?" என்று டீச்சரிடம் திரும்பினார்.

"வரும் சார். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

வாசலில் நின்ற எனக்கே வேர்த்துவிட்டது. டீச்சரின் விரல்கள் மடங்கத் தொடங்கின. எட்டாவது விரலில் சிறுமியின் குரல் வந்தது.

"முட்டை. நீங்க?"

அதிகாரி டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

சிறுமி அவரை அவசரப்படுத்தவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் விரலை மடக்கினாள்.