எறும்புக்குப் போட்ட பாலம்

கேபிள் டிவி எங்க ஊருக்கு வந்த வருஷம் நான் பட்டுப்புழு வளர்த்துக்கினு இருந்தேன். ராமகுப்பம் பக்கம் பாதி ஆம்பளைங்க பெங்களூர் ரயிலைப் பிடிச்சிட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் அங்க ஒரு கம்பெனியில சேர்ந்து, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் வந்து போனார். போன தடவை வளர்த்த புழு மொத்தமும் நோவு வந்து செத்துப்போச்சு. இந்தத் தடவையும் கூடு கட்டலைன்னா வீட்டைப் பூட்டிக்கினு எல்லாரும் பெங்களூர் போறதுன்னு முடிவு பண்ணிட்டார். அது பத்தாதுன்னு ஒரு பெரிய பூட்டையும் வாங்கியாந்து ஆணியில மாட்டினார். எனக்குப் போக இஷ்டமே இல்ல. அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்குவேன்.

புழுவுக்கு எறும்புதான் எமன். மருந்து தூவவும் முடியாது, எறும்புக்கு முன்னாடி புழு செத்துப்பூடும். அதனால புழு இருக்குற தட்டை அடுக்குற மூங்கில் ஸ்டாண்டோட நாலு காலையும் தண்ணி ஊத்தின கிண்ணத்துல நிக்க வெப்போம். எறும்பு தண்ணியைத் தாண்டாது. காலையில மூஞ்சி கழுவுறதுக்கு முன்னாடி அந்தக் கிண்ணத்துக்குத்தான் தண்ணி ஊத்துவேன்.

புழு கடைசித் தடவையா தோல் உரிக்கிற நாள். அப்போ அது மல்பெரி தழை துன்னாது, தலையைத் தூக்கிக்கினு அசையாம கெடக்கும். மத்தியானம் போய்ப் பார்த்தா மேல் தட்டுல செவப்பு எறும்பு. அசைய முடியாத புழுவை நாலஞ்சு சேர்ந்து இழுத்துக்கினு இருக்குது. குனிஞ்சு பார்த்தா கிண்ணத்துல தண்ணி ததும்புது. பறந்தா வந்துச்சு சனியன்?

அப்புறம்தான் வரிசையைக் கவனிச்சேன். சிலது வெறும் வாயோட வருது, சிலது தூக்கிக்கினு போவுது, எதிர்ல பார்த்தா ஒரு நொடி நின்னு மூஞ்சியோட மூஞ்சி உரசிட்டுப் போவுது. தூக்கிக்கினு போறதுங்க பின்னாலயே கண்ணை ஓட்டினேன். தட்டுலேந்து மூங்கில், மூங்கில்லேந்து கேபிள் வயரு, ஜன்னல், வெளிய முருங்கை மரம். வயர் தொங்குதுன்னு போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர்தான் அதை ஸ்டாண்டோட சேர்த்துக் கட்டினார். அதுவும் ரெட்டை முடிச்சு. எறும்புக்குப் பாலம் போட்ட மகராசன்!

முடிச்சை அவுக்க முடியல. தழை நறுக்குற கத்தியால வயரை ரெண்டு பக்கமும் வெட்டிட்டேன். பக்கத்து வீட்டு டிவிக்கும் அதே வயர்தான். படம் நின்னுபோச்சுன்னு அந்த அக்கா திட்டிக்கினே வந்தாங்க. தட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கினு போய் வெல்லம் எடுத்தாந்தாங்க. கொட்டாங்குச்சியில வெல்லத்தை வெச்சி தட்டோரமா விட்டோம். வழி அறுந்துபோன எறும்பெல்லாம் ஸ்டாண்டு கால் வழியா எறங்கும், தண்ணியைப் பார்த்துத் திரும்பும், கடைசியில வெல்லத்துல வந்து மொய்க்கும். மொய்க்க மொய்க்க எடுத்துப் போய் முருங்கை மரத்தடியில தட்டினோம். பொழுது சாயறதுக்குள்ள தட்டு சுத்தமாச்சு. மேல் தட்டுல கொஞ்சம் போச்சு, மத்ததெல்லாம் பொழைச்சிது. அப்பாடான்னு தரையில உக்காந்து அழுதுட்டேன்.

அந்த வாரம் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கல. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை அவர் வந்தப்போ புழுவெல்லாம் கூடு கட்டிக்கினு இருந்துச்சு. வெட்டின வயரைப் பார்த்தார், ரெட்டை முடிச்சைப் பார்த்தார், கூட்டையும் பார்த்தார். சாயந்தரம் கிளம்பும்போது ஆணியில இருந்த பூட்டைக் கழட்டிப் பையில போட்டுக்கினார்.

"பெங்களூர்ல என் ரூமு பூட்டு சரியில்ல"ன்னார்.

நான் அவர் டப்பாவுல இன்னும் ரெண்டு இட்லி சேர்த்து வெச்சேன்.