முப்பத்து நான்காம் எண்ணில் ஒரு சுரங்கம்

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் என் கணவர் செய்யும் வேலையை நான் கண்ணால் பார்த்ததில்லை. நெய்வேலி நகரியத்தில் எங்கள் பிளாக்கில் பாதிப் பெண்களின் கதை அதுதான். சாப்பாட்டுப் பையைக் கொடுத்து அனுப்புவோம், புழுதி படிந்த சட்டை திரும்பி வரும். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்துக்கு அவர் ஆபரேட்டர். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "மண்ணு வெட்டிகினு இருக்கேன், வேற என்ன" என்பார். அவருடைய ஊரான சேத்தியாத்தோப்பில் இவ்வளவு சிக்கனமாகப் பேசுகிறவரை நான் வேறு கண்டதில்லை.

அந்த இயந்திரத்தை டிவி சேனல்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ஒளிபரப்பு. அவருக்கு அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட். எனக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வு மேற்பார்வை, லீவு கேட்க வாயே திறக்க முடியாது. மறுபடி போடுவார்களா என்பது யாருக்கும் தெரியவில்லை.

செட்டாப் பாக்ஸ் எங்கள் பக்கம் வராத காலம். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கேபிள் டிவி தெரிய டிவி கார்டு ஒன்று மாட்டி, பதிவு செய்யும் மென்பொருளைத் திறந்தேன். எந்த ஊர் என்பதுதான் அதன் முதல் கேள்வி. எங்கள் பின்கோடு அதற்குத் தெரியவில்லை. கடலூரும் தெரியவில்லை. சென்னை என்றதும் குஷியாக ஒரு சேனல் பட்டியலை இறக்கிக் கொடுத்தது. சோதனைக்குப் பத்து நிமிஷம் பதிவு செய்து பார்த்தால், நான் கேட்ட சேனலின் பெயரில் ஒருவர் ராசிக்கல் மோதிரம் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் கேபிள்காரர் எதை எந்த எண்ணில் வைத்திருக்கிறார் என்பது சென்னைக்கு எப்படித் தெரியும்?

எரிச்சலோடு அந்தப் பட்டியலை அழித்தேன். ஞாயிறு மத்தியானம் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றிலும் என்ன வருகிறது என்று பார்த்து நானே பெயர் எழுத உட்கார்ந்தேன்.

"என்னம்மா, மஸ்டர் எடுக்கறியா?" என்று கேட்டபடி அவர் பக்கத்தில் நாற்காலி போட்டார். சுரங்கத்தில் ஆள் கணக்கெடுப்பதை அப்படித்தான் சொல்வார்கள். கையிலிருந்த டீ டம்ளரை மேசையில் வைத்தார். வைக்கும் முன் ஒரு நொடி நிறுத்தி, சத்தமே வராமல் இறக்குவார். மேசைக்கு வலிக்குமா என்று நான் கேலி செய்வதுண்டு.

எனக்கு எழுத எழுத மலைப்பாக இருந்தது. ஒரு எண்ணில் மலையாளத்தில் யாரோ அழுதார்கள். அடுத்ததில் வங்காளத்தில் செய்தி. அதற்கடுத்து தெலுங்கில் ஒரு கல்யாணம். பிறகு ஒரு எண் முழுக்க வெறும் புள்ளி மழை. பென்சில் கனம்கூட இல்லாத ஒரு கறுப்புக் கேபிள் ஒயருக்குள் இத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் வந்துகொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் நாலு சேனலை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. முப்பத்து நான்கில் நாங்கள் தேடிய சேனல் வந்தது. அதன் பெயரை இரண்டு முறை சரிபார்த்து எழுதினேன்.

வியாழக்கிழமை, அந்த எண்ணில் வேறு எதையாவது போட்டுவிடுவாரோ என்ற சந்தேகம் தாளாமல் கேபிள்காரருக்கு போன் போட்டேன்.

"மேடம், முப்பத்தினாலுல நாளைக்கு மேட்ச் போடலாம்னு இருந்தேங்க. ஆளுங்க கேக்கறாங்க."

"பன்னெண்டு மணிக்கு மேல போட்டுக்கங்க. எங்க வீட்டுக்காரர் அதுல வர்றாருங்க."

"நம்ம சாருங்களா? அப்ப தொடவே மாட்டேங்க."

வெள்ளி மதியம் நான்தான் முதலில் வீடு திரும்பினேன். பத்தரைக்குத் தானாக ஓடும்படி நான் வைத்துவிட்டுப் போன பதிவு இருந்தது. தனியாகப் பார்க்க மனசு வராமல் அவர் வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் டீ டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓட்டினேன்.

திரையில் பூமி படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. அதன் நடுவே அந்த இயந்திரம். மண்ணைக் கடிக்கும் அதன் சக்கரத்துக்கு முன்னால் எங்கள் குவார்ட்டர்ஸ் சிறியது. பக்கத்தில் நின்ற ஜீப் தீப்பெட்டி அளவே இருந்தது. தினமும் என்னிடம் சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்கிறவரா இதை ஓட்டுகிறார்?

"இதுல எங்கங்க நீங்க?"

உச்சியில் ஒரு கண்ணாடி அறையைத் தொட்டுக் காட்டினார். கண்ணாடியில் வெயில்தான் தெரிந்தது. படம் முடியும் வரை ஒரு முகமும் தெரியவில்லை. இதற்கா இவ்வளவு பாடு என்று அழுகையே வந்துவிட்டது எனக்கு.

"மூஞ்சியக் காட்டவே இல்லையே."

"மூஞ்சிய ஏன் தேடற? அந்தக் கை எறங்குது பாரு, அதாம்மா நான்."

பின்னால் ஓட்டிப் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்கிய அந்த நீண்ட இரும்புக் கை மெதுவாக இறங்கியது. மண்ணைத் தொடும் முன் ஒரு நொடி நின்றது. பிறகு, மேசைக்கு வலிக்கக்கூடாது என்பதைப் போல, அலுங்காமல் அமர்ந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் இன்னொரு தரம் பின்னால் ஓட்டினேன்.