கதவுக்கு இந்தப் பக்கம்

போதகர் செருப்புப் போட்டு வந்தால் சாப்பாட்டுக்கு வருகிறார், ஷூ போட்டு வந்தால் சாவுச் செய்தியோடு வருகிறார். சபையில் ஆர்மோனியம் வாசிப்பவர் கிளப்பிவிட்ட பேச்சு இது. கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஒருமுறை செருப்பு அறுந்துபோக, வேறு வழியில்லாமல் ஷூவை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டில் ஏணி இரவல் கேட்கப் போனார். கதவைத் திறந்த பெரியவர் அவர் காலைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏணிக்காகத்தான் வந்தேன் என்று புரியவைத்து, தண்ணீர் கொடுத்து, நாற்காலியில் ஏற்றுவதற்குள் போதகருக்கே வியர்த்துக் கொட்டியது. அந்தப் பதற்றத்தில் ஏணியை வாங்க மறந்துவிட்டார்.

அந்த ஷூ பட்டாளத்துப் பழக்கம். மீசை சரியாக முளைக்காத வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். துப்பாக்கியைத் தூக்கியதைவிட ஸ்டியரிங்கைப் பிடித்ததுதான் அதிகம். இறந்துபோன வீரர்களின் வீட்டுக்குச் செய்தி கொண்டுபோகும் அதிகாரிக்கு அவரை டிரைவராகப் போட்டார்கள். போன முதல் வீட்டிலேயே அதிகாரிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "பலமான அடி, ஆஸ்பத்திரியில இருக்கார்" என்று மென்று முழுங்கினார். அந்தத் தாய் உள்ளே ஓடிப் பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள். மாற்றுச் சட்டை, போர்வை, பிறகு ஒரு சீப்பு. அந்தச் சீப்பைப் பார்த்ததும் டிரைவரால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போய் அவள் எதிரில் நேராக நின்று, "அம்மா, உங்க பையன் இறந்துட்டார்" என்றார். அதிகாரி அவரைத் திட்டவில்லை. அடுத்த வீட்டிலிருந்து அவரையே முன்னால் அனுப்பினார். பாரம் கைமாறினால் யாருக்குத்தான் கசக்கும்?

அன்று முதல் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டானது. ஷூ பளபளக்க வேண்டும், ஏனென்றால் அது இறந்தவனுக்குச் செய்யும் மரியாதை. முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். தெருவில் நின்று எதையும் சொல்லக் கூடாது. "கதவைத் திறங்க, உள்ளே வந்து சொல்றேன்" என்பதற்கு மேல் வெளியே ஒரு வார்த்தை கிடையாது. உள்ளே போனதும் நேராக நின்று முழுச் சொல்லையும் சொல்லிவிட வேண்டும். அடிபட்டார், சீரியஸ் என்ற பூசி மெழுகல் எல்லாம் கூடாது.

சாவைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், உயிர்த்தெழுதலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லலாமே என்று இறையியல் படிக்கப் போனதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். பழைய வேலை அவரை விட்டால்தானே? ஊரில் எங்கே யார் செத்தாலும், பட்டாளத்துப் போதகரைக் கூப்பிடு, அவர் பக்குவமாகச் சொல்லிவிடுவார் என்றார்கள்.

அவர் மனைவி தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஊசி துணியில் ஏறுவதுபோல அவள் பேச்சும் சுருக்கென்று ஏறும். "உங்களுக்கு இந்த வேலையில உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமைதான்" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அவர் பதறிப்போய் மறுத்தார். ஆனால் பெருமை இருக்கத்தான் செய்தது. இவ்வளவு நேர்த்தியாக இடியை இறக்கத் தெரிந்தவர் வேறு யார்?

இந்த நிலையில் அவர்களுடைய ஒரே மகன் தானும் பட்டாளத்தில் சேருவேன் என்று நின்றான். அவள் வேண்டாம் என்றாள், சாப்பிடாமல் கிடந்தாள். போதகர் மகனின் தலையில் கை வைத்து ஜெபித்து ரயிலேற்றிவிட்டு வந்தார். அதற்காக அவள் சண்டை போடவில்லை. பாலிஷ் டப்பாவை எடுத்துப் பின்வாசல் படியில் வைத்தாள். "இனிமே இந்த நாத்தம் வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றாள். அன்று முதல் அவர் பின்வாசலிலேயே ஷூவுக்குப் பாலிஷ் போடுவார், தன் சாவியால் பின்கதவைத் திறந்து அந்த வழியாகவே வருவார், போவார்.

இப்போது மகன் எல்லைக்குப் போயிருந்தான். போன வாரத்திலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை. அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அன்று மதியம் கட்டட வேலையில் சாரம் சரிந்து ஒருவர் இறந்துபோனார். மேஸ்திரி போதகருக்குப் போன் செய்தார். மனைவி தைத்த சீருடைகளைக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். போதகர் அவசர அவசரமாகப் பாலிஷ் போட்டார், டப்பாவை மூடாமல் கிளம்பினார். இப்படிப் போகும்போது போனை அணைத்துவிடுவது அவர் வழக்கம்.

இறந்தவரின் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அவர் சொன்னதைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் கால் மடங்கிச் சரிந்தாள். கையில் வைத்திருந்த சாவியை இஸ்திரி மேசையில் போட்டுவிட்டு அவளைத் தாங்கினார். அவள் அக்கா வந்து சேரும்வரை அங்கேயே இருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தார். பின்கதவு பூட்டியிருந்தது. பையைத் தடவியதும்தான் சாவி இஸ்திரி மேசையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. கூப்பிட்டுப் பார்த்தார். தையல் மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். அவர் கைக்குத் தெரிந்தது ஒரே விதமான தட்டுதான். நிதானமாக, இடைவெளி விட்டுத் தட்டினார்.

மெஷின் நின்றது.

"யாரு?"

"நான்தான்."

"நீங்க எதுக்கு முன்வாசல்ல நிக்கிறீங்க?"

களைப்பில் அவர் நாக்கு பழகிய பாட்டையே பாடியது. "கதவைத் திறம்மா, உள்ளே வந்து சொல்றேன்."

கத்தரிக்கோலும் ஊசிப் பெட்டியும் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் கதவுக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. "திறக்க மாட்டேன். திறந்தா நீங்க சொல்லிடுவீங்க."

அப்போதுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. "ஐயோ, அதில்லம்மா! பையனுக்கு ஒண்ணுமில்ல. சாவியை விட்டுட்டு வந்துட்டேன், அவ்வளவுதான்."

"பொய். டப்பா திறந்து கிடக்கு. போனை அணைச்சு வச்சிருக்கீங்க. கதவு மூடியிருக்கும்போது நீங்க உண்மையைச் சொல்ல மாட்டீங்க. அது உங்க சட்டம்."

"சத்தியமா சொல்றேன்!" என்றார், சத்தியம் பண்ண வேண்டாம் என்று ஞாயிறுதோறும் முழங்கும் மனிதர்.

அவள் திறக்கவில்லை. கதவில் சாய்ந்து, வேண்டாம், வேண்டாம் என்று முனகிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வாசல்களில் நின்றவர் அவர். முழுச் சொல்லைச் சொல்வதுதான் இரக்கம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தார். தட்டியவுடனே உள்ளே இருப்பவளுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது.

குனிந்து ஷூவைக் கழற்றினார். தையல் மெஷின் பக்கத்து ஜன்னலுக்குப் போய், இரண்டையும் கம்பிக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இங்க பாரு. வெறுங்காலோட நிக்கிறேன். வெறுங்காலோட எந்த வீட்லயாவது சாவு சொல்லியிருக்கேனா?"

அவள் ஜன்னலுக்கு வந்தாள். ஷூவைப் பார்த்தாள், எட்டி அவர் காலைப் பார்த்தாள். பிறகு போய்க் கதவைத் திறந்து, இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தாள். அவர் தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும், "அவனுக்குப் போன் போடுங்க" என்றாள். அணைத்திருந்த போனை ஆன் செய்து போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மறுபடியும் போட்டார். அதே குரல் அதையே சொன்னது. அவள் சிதறிக் கிடந்த ஊசிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"சொல்லு."

"அந்த நாள் வரக் கூடாது. வந்துச்சுன்னா நீங்க வந்து சொல்லக் கூடாது."

"பின்ன யாரு சொல்றது?"

"யாரோ வரட்டும். ஷூ போட்டு வரட்டும், போடாம வரட்டும், உளறிக் கொட்டட்டும். நீங்க கதவுக்கு இந்தப் பக்கம் என்கூட இருக்கணும். நேரா நிக்க வேணாம். என்கூட விழணும்."

எவ்வளவோ பேருக்கு எதிரில் அசையாமல் நின்றவர், ஷூவை வாசலிலேயே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். போனை நடுவில் வைத்துக்கொண்டு, அது அடிக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.