கோட்டு மாமாவின் புது முகம்

பிள்ளையள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

நீங்கள் போனில் கேட்ட கேள்விக்கு நாலு நாளாய் நான் மறுமொழி சொல்லவில்லை. கோபம் ஒன்றுமில்லை. குரலைப் பதிந்து அனுப்பலாம் என்று இரண்டு தரம் கதைத்துப் பார்த்தேன். இரண்டு தரமும் அழித்துப்போட்டேன். அதுதான் சின்னவள் விட்டுவிட்டுப் போன கொப்பி ஒன்றை எடுத்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. நாளைக்கு உங்கள் பிள்ளையள் வாசித்தாலும் விளங்கவேண்டும், ஆனபடியால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அன்றைக்கு மூன்று பேரும் ஒன்றாய் வீடியோவில் கதைத்தோம். மூத்தவள் கனடாவில், விடியற்காலை, தலையில் துவாயோடு. சின்னவள் மட்டக்களப்பில் கம்பஸ் அறையில். நான் வளவில் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில், அங்கேதான் சிக்னல் வரும்.

"அப்பா, கோட்டு மாமா இனி நடிக்க மாட்டாராம்," என்றாள் சின்னவள். "வயது போட்டுதாம், ஓட ஏலாதாம். புது ஆள் ஒண்டைப் போடப் போயினமாம்."

"போடக் கூடாது," என்றாள் மூத்தவள். "அந்த ஆள் இல்லையெண்டால் படத்தை நிப்பாட்ட வேணும். வேற முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

"நிப்பாட்டினால் கோட்டு மாமா செத்த மாதிரி. வேற ஆள் வந்தால் இருப்பார் எல்லே?"

"உனக்கு ஆர் அந்தக் கோட்டைப் போட்டாலும் மாமாதான்."

"ஓம், அப்பா போட்டாலும் மாமாதான். வயித்துப் பக்கம் பொத்தான்தான் பூட்டாது."

மூத்தவள் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, "நீங்கள் சொல்லுறதுதான் தீர்ப்பு அப்பா. மாத்தலாமோ, கூடாதோ?" என்று கேட்டீர்கள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன். மாடு தண்ணீர் குடித்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

ஏன் வைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். அந்தப் படம் நின்றால், நாங்கள் மூன்று பேரும் ஒன்றாய் இருந்து பார்க்கிறதுக்கு இனி ஒன்றுமில்லை. ஆள் மாறினால் நான் சொல்லிக்கொண்டு வந்த கதை நின்றுவிடும். எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் நட்டம் எனக்குத்தான்.

சண்டை முடிந்து நாங்கள் திரும்பி ஊருக்கு வந்த புதிதில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. தகரக் கொட்டிலில் இருந்தோம். நாலு வீடு தள்ளி ஒருவர் ஜெனரேற்றர் வைத்து ஞாயிறு பின்னேரங்களில் ரீவி போடுவார். படத் தட்டுகள் வவுனியாவில் வாங்கி வருவது. ஒரு நாள் தமிழ்ப் படம் என்று நினைத்து வாங்கின உறைக்குள் இங்கிலீஸ் படம் இருந்தது. சாம்பல் கோட்டுப் போட்ட ஒருவன் ரயிலில் இருந்து ரயிலுக்குப் பாய்கிறான். நீங்கள் பிறகு கோட்டு மாமா என்று பேர் வைத்தது அவனுக்குத்தான். போட்டதை நிப்பாட்ட ஒருவருக்கும் மனமில்லை.

உங்கள் அம்மா என் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ, என்னவாம் சொல்லுறான்?" என்று கேட்டா.

எனக்கு இங்கிலீஸ் தெரியும் என்று அவா அயல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தா. உரப்பையில் எழுதியிருந்ததை ஒருக்கா நான் எழுத்துக் கூட்டி வாசித்ததால் வந்த பேர் அது. அத்தனை பேருக்கு முன்னால் அவாவை எப்படி வெட்கப்படுத்துவது? அந்த நேரம் பார்த்துப் படத்தில் அவன் கோட்டுப் பொக்கற்றில் இருந்து ஒரு பொம்பிளையின் போட்டோவை எடுத்து வடிவாகப் பார்த்தான்.

அந்த நாளில் எங்கள் பக்கம் ஒருவர் பொக்கற்றில் இருந்து போட்டோ எடுக்கிறார் என்றால், தன் ஆளைத் தேடுகிறார் என்றுதான் அர்த்தம். வேறு எதற்குப் போட்டோவைக் கொண்டு திரிவார்கள்? நான் யோசிக்கக்கூட இல்லை.

"அவன்ர மனிசி," என்றேன். "ரெண்டு பேரும் பிரிஞ்சு போச்சினம். தேடித் திரியிறான்."

இருந்த பெண்கள் எல்லாரும் "ஐயோ பாவம்" என்றார்கள். ஒருத்தி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தா. அதற்குப் பிறகு பின்வாங்க ஏலுமா? அவன் அடித்தால் மனிசி இருக்கிற இடம் கேட்டு அடிக்கிறான் என்றேன். போனில் கதைத்தால் கண்டீர்களா என்று விசாரிக்கிறான் என்றேன். முடிவில் அந்தப் பொம்பிளையை ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவன் பார்த்துக்கொண்டு நின்றான். "கொண்டு போட்டினம்," என்றேன். "எங்கயோ ஒரு வீட்டில வைச்சிருக்கினம். இவன் வருவான் எண்டு அவா பாத்துக்கொண்டிருப்பா. அடுத்த படத்தில போவான்."

அடுத்த படமும் வந்தது. அதில் அந்தப் பொம்பிளை தலையைக்கூடக் காட்டவில்லை. எனக்கு வியர்த்துப்போச்சு. ஆனாலும் ஒப்பேற்றினேன்.

மூன்றாவது படம் வந்தபோது அம்மா இல்லை. சிறுநீரக வருத்தம், உங்களுக்குத் தெரியும். வீட்டுத்திட்ட வீடு கட்டி முடிந்திருந்தது, எங்களிடமே ஒரு சின்ன ரீவி இருந்தது. மூன்று கதிரை. படம் தொடங்க முதல் சின்னவள் கேட்டாள்: "அப்பா, அந்த அன்ரி இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறாவோ?"

"ஓம் பிள்ளை. பாத்துக்கொண்டுதான் இருக்கிறா."

அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் அவள் கேட்பாள், நான் ஓம் என்பேன், பிறகுதான் படம். ஒருவர் இல்லாமல் மற்றவர் பார்க்கிறதில்லை என்றும் பேச்சு. மூத்தவள் சோதனைக்குப் படித்த வருடம் ஒரு படத்தை ஐந்து மாதம் உறை பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தோம்.

மூத்தவள் கனடா போகிற கிழமை, உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாய்ச் சொன்னாள்.

"அப்பா, ஒண்டு சொன்னால் குறை நினைக்க மாட்டியளே? அந்த முதல் படத்தில அவன் வைச்சிருந்த போட்டோ மனிசியின்ர இல்லை. அவன் பிடிச்சுக் குடுக்க வந்த ஆள் அவா. அதுதான் அவன்ர வேலை."

நான் மடித்து வைத்த சட்டையை அவிழ்த்துத் திரும்ப மடித்தேன்.

"சின்னவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலயே தெரியும். ஆற்றையோ போனில, கீழ தமிழ் எழுத்தோட அந்தப் படத்தைப் பாத்திட்டாள். உங்களிட்டைச் சொல்ல வேண்டாம் எண்டவள்."

வெளியில் போய் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டேன். வெட்கமாய்த்தான் இருந்தது. பிடித்துக் கொடுக்க வந்தவனை நான் புருசனாக்கி வைத்திருந்திருக்கிறேன். பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு மூன்று படம் பார்த்திருக்கிறோம். மூன்றுக்கும் சின்னவள், "அந்த அன்ரி இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறாவோ?" என்று கேட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள்.

மூத்தவள் போனாள். அடுத்த வருடம் சின்னவள் கம்பஸுக்குப் போனாள். கதிரைகள் அந்த இடத்திலேயே நிற்கின்றன. ஒன்றில் நான் இருக்கிறேன், மற்றதில் நெல்லுச் சாக்குத் தைக்கிற ஊசியும் நூலும் கிடக்கும். மூன்றாவதில் ஒன்றும் வைக்கிறதில்லை. சாப்பாடு ஒரு ஆளுக்கு ஆக்கப் பழகிவிட்டேன். கதைக்கத்தான் ஆள் இல்லை. மாட்டோடு கதைக்கிறேன் என்று அயலில் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

நேற்று மத்தியானம் வயலால் வந்து ஜெனரேற்றர்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த அந்த முதல் படத் தட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். கீறல் விழுந்து கிடக்கிறது. போட்டோவைப் பார்க்கிற இடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு இளம் பெடியன். கடைசிப் படத்தில் வந்தவனுக்கும் இவனுக்கும் முகத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் நாங்கள் ஒருவரும் ஆள் மாறிவிட்டதென்று சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

என் மனதில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான், சொன்னால் சிரிப்பீர்கள். இவ்வளவு படம் தேடி, கடைசியில் அவன் அந்த வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கோ. வேறு முகத்தோடு போய் நின்றால் அவா கதவைத் திறப்பாவோ?

படம் அசையாமல் நின்றது. அப்போது வவுனியா ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. சின்னவளுக்கு ஆறு வயது, அவளுக்கு இது மறந்திருக்கும். அம்மாவை வாட்டில் வைத்து மூன்றாம் கிழமை உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு முகம் வீங்கி, கண் இரண்டும் உள்ளுக்குப் போயிருந்தது. எனக்கே முந்தின நாள் அடையாளம் தெரியாமல் கட்டிலைக் கடந்து போய்த் திரும்பி வரவேண்டியிருந்தது. சின்னவள் என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளித்துவிட்டாள். "இது அம்மா இல்லை," என்றாள். மூத்தவள் தள்ளிப் பார்த்தாள், அவள் அசையவில்லை.

அம்மா அழவில்லை. வா என்றும் கூப்பிடவில்லை. எட்டிச் சின்னவளின் தலையைப் பார்த்து, "உந்தப் பின்னலை ஆர் பின்னினது? மாடு கட்டுற கயிறு மாதிரிக் கிடக்கு," என்றா.

சின்னவள் விரலால் என்னைக் காட்டினாள்.

"நினைச்சனான். உச்சியும் ரோட்டு மாதிரி வளைஞ்சு போகுது. இஞ்ச வா, அவிட்டுப் பின்னுவம்."

அவ்வளவுதான். அவள் கட்டிலில் ஏறிவிட்டாள். அம்மா ஒரு கையில் சேலைன் ஊசியோடு ஒரு பக்கத்தை அவிழ்த்துப் பின்னினா. மற்றப் பக்கத்துக்கு வரக் கை களைத்துவிட்டது, என்னைப் பார்த்து, "இது உங்கட கயித்தோடயே இருக்கட்டும்," என்றா. ஒரு பக்கம் அம்மா பின்னினது, ஒரு பக்கம் நான் பின்னினது. அப்படியே நெடுங்கேணி பஸ்ஸில் ஏறி வந்தோம். அம்மா பின்னின பக்கத்தைச் சின்னவள் நாலு நாள் அவிழ்க்க விடவில்லை. ரீச்சர் கேட்டும் விடவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நான்தானே பின்னினேன். உச்சி ஒரு நாளும் நேராய் வரவில்லை. நீங்களும் தலையைக் காட்டிக்கொண்டு குந்தினீர்கள்தானே.

ஆனபடியால் என் தீர்ப்பு இதுதான். மூத்தவள் குறை நினைக்க வேண்டாம். ஆளை மாற்றலாம். முகத்தைப் பார்த்துத்தான் கதவு திறக்கும் என்றில்லை. அவன் வந்து நின்று முதல் என்ன கேட்கிறான் என்று பாருங்கோ. சரியானதைக் கேட்டால் அவா திறப்பா.

கதை பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும் என்பதும் இப்போது மூன்று பேருக்கும் தெரியும். அது பரவாயில்லை. சின்னவள் கேட்டால் நான் ஓம் என்றுதான் சொல்லுவேன்.

புதுப் படம் வரச் சின்னவளுக்கு லீவு கிடைத்தால் வரட்டும். மூத்தவள் போனில் சேர்ந்து பார்க்கலாம், நேரம் ஒத்துவந்தால். இரண்டும் சரிவராவிட்டால் எனக்காகப் பார்க்காமல் இருக்க வேண்டாம், பாருங்கோ. நான் பஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய்த் தியேட்டரில் பார்ப்பேன். பக்கத்தில் இருக்கிறவர் என்னவாம் சொல்லுறான் என்று கேட்டால் சொல்லுவேன். கேட்காவிட்டால் பேசாமல் இருந்து பார்த்துவிட்டு வருவேன்.