தண்டல் ஊற்றிய தண்ணீர்

அம்புரோஸ் பதினாறு வயதில் தோணி ஏறினார். முதலில் சமையல் வேலை. பிறகு பாய்மரம், பிறகு சுக்கான். நாற்பத்து மூன்று வயதில் தண்டல் ஆனார். தோணியை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, செங்கல், சிமெண்டு எல்லாம் ஏற்றிப் போவார்கள். வருஷக்கணக்கில் காய்கறி மூட்டையின் மேலேயே படுத்து எழுந்த மனிதர், ஒரு வெண்டைச்செடி எப்படிப் பூக்கும் என்று அறுபது வயது வரை பார்த்ததில்லை.

தோணியில் அவர் கையில் இருந்த பெரிய அதிகாரம் தண்ணீர்தான். நல்ல தண்ணீர்ப் பீப்பாயின் மூடியைத் தண்டல் சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் கடல் தண்ணீர். சோறு பொங்கும்போதுகூட, மூன்று பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு கடல் தண்ணீர் கலக்க வேண்டும். தண்ணீரும் மிச்சம், உப்பும் மிச்சம். ஒருமுறை நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோய், பதினொரு நாள் காற்று இழுத்த பக்கம் போனார்கள். தண்டல் தேங்காய்ச் சிரட்டையால் அளந்து ஊற்றினார். எட்டுப் பேரும் உயிரோடு கரை இறங்கியபோது பீப்பாயில் இன்னும் நாலு விரல் தண்ணீர் கிடந்தது. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் அந்த நாலு விரலைப் பற்றி அவர் சொல்லாமல் இருந்ததில்லை.

அவர் மனைவி இசபெல்லா அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பேச்சு குறைவான பெண். நாலு பேர் கூடிய இடத்தில் கதவுக்குப் பின்னால் நிற்பாள். ஆனால் யார் எந்தச் சொல்லில் குரல் தாழ்த்தினார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அறுபது வயதில் அம்புரோசுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சுருண்டது. வலது கால் இழுத்தது. உப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையூரணியின் ஓரத்தில் அவர்கள் வீடு. கொல்லைக்கு அந்தப் பக்கம் உப்பளம் வெயிலில் கண் கூசக் கிடக்கும். வீட்டுக்குள் அவர் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். தெருவைப் பார்ப்பதில்லை. பூசைக்குப் போவதில்லை. தோணியில் கூட வந்தவர்கள் பார்க்க வந்தால் தூங்குவதுபோல் இருப்பார். காலையில் எழுந்ததும் இசபெல்லாவின் காதில் விழுவது நாற்காலிக்கால் தரையில் உராயும் சத்தம்தான்.

அந்தச் சத்தத்திலிருந்து தப்பத்தான் அவள் கொல்லைக்குப் போனாள். முதலில் தரையிலேயே மிளகாய் நட்டாள். ஒரு சாண் வளர்ந்து, உவர் மண்ணில் கருகியது. பிறகு மீன்பிடித் துறைமுகத்தில் தூக்கிப்போடும் தெர்மாகோல் பெட்டிகளை, ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற அந்த வெள்ளைப் பெட்டிகளை, பொறுக்கி வந்தாள். அடியில் துளை போட்டு, மகளின் ஊரான, தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து வந்த செம்மண்ணையும் ஆட்டுப் புழுக்கையையும் நிரப்பினாள். கழுவியது போதவில்லை. மீன் வாடைக்குத் தெருப்பூனை எல்லாம் வந்து, ஒரே ராத்திரியில் விதையோடு மண்ணைக் கிளறிப் போட்டன. சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி நிரப்பினாள். தெருமுனைக் கடைக்காரி முத்துக்கனி கொடுத்த விதைகளை ஊன்றினாள். கத்தரி, வெண்டை, அவரை, கொஞ்சம் பசலை. இந்தத் தடவை முளைத்தது.

ஒருநாள் அவரைக் கொடிக்கு அவள் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த முடிச்சு நிக்காது" என்று பின்னால் குரல் கேட்டது.

அம்புரோஸ் காலை இழுத்துக்கொண்டு கொல்லை வாசலில் நின்றார். அவளிடமிருந்து கயிற்றை வாங்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் முடிச்சுப் போட்டார். மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை நின்றது. இசபெல்லா அடுத்த கயிற்றை நீட்டினாள்.

அன்றிலிருந்து நாற்காலி கொல்லைப் பக்கம் திரும்பியது. புழு பொறுக்குவது அவர் வேலை. பூ எண்ணுவது அவர் வேலை. "இன்னைக்கு வெண்டை பதினேழு பூ" என்று அவளிடம் ஒப்பிப்பார்.

மே மாதம், தெருமுனையில் சின்னக் கோயில்போல இருக்கும் அந்தோனியார் கெபியின் அசனத்துக்கு எழுத, தெருப் பையன் ஜெஸ்டின் நோட்டோடு வந்தான். கெபித் திருநாளில் ஊரே சேர்ந்து பொங்கிச் சாப்பிடுகிற சாப்பாடு அது. வீட்டுக்கு வீடு ஏதாவது கொடுப்பார்கள்.

"என்ன எழுத அத்த? எப்பவும் போல ரெண்டு கிலோ அரிசியா?"

இசபெல்லா தலையாட்டும் முன் கொல்லையிலிருந்து பதில் வந்தது. "வெண்டைக்காய்னு எழுதுலே. என் தோட்டத்துக் காய்."

"எத்தன கிலோ மாமா?"

"காய்ச்ச பொறவுல்லா தெரியும். நானே கொண்டாந்து தாரேன்."

ஜெஸ்டின் இசபெல்லாவைப் பார்த்தான். அவள் நோட்டைப் பார்த்தாள். நானே என்று அவர் சொன்னதுதான் அவள் காதில் நின்றது. பதினாலு மாதமாகத் தெருவாசல்படி தாண்டாத மனிதர், அத்தனை பேர் நடுவில் தாமே போய் நிற்கப் போகிறார்.

திருநாளுக்குப் பதிமூன்று நாள் இருக்கும்போது மகள் சுஜிதாவுக்குப் பிரசவ வலி வந்தது. தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறந்தது. இரண்டாவதுக்குத் தாய்தான் புதுக்கோட்டைக்குப் போக வேண்டியதாயிற்று. முத்துக்கனி கஞ்சி கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னாள். தினமும் சாயந்தரம் இசபெல்லா போன் செய்வாள்.

"செடி எப்படி இருக்கு?"

"தண்ணி நான் பாத்துக்கிடுதேன். நீ புள்ளையப் பாரு."

குழாய் உடைந்து தெருவுக்கே நல்ல தண்ணீர் வரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. சமையலறையில் இரண்டு டிரம் தண்ணீர் இருந்தது. கொல்லையில் ஆழ்துளைக் கிணறு இருந்தது, ஆனால் அது கரிக்கும். துணி துவைக்கத்தான் ஆகும். அம்புரோஸ் தண்டலாக யோசித்தார். கடல் தண்ணீரையே மூன்றுக்கு ஒன்று கலந்து எட்டு உயிர் பிழைத்தது. கிணற்றுத் தண்ணீர் அதைவிட எவ்வளவோ மேல். பாதிக்குப் பாதி கலந்தால் செடி தாங்காதா? காலையும் மாலையும் இரண்டு வாளியைப் பக்கத்தில் வைத்து, இடது கையால் ஒரு குவளை அதிலிருந்தும் ஒரு குவளை இதிலிருந்தும் எடுத்து, ஒரு செடி விடாமல் ஊற்றினார். ஒன்பது நாள்.

பத்தாம் நாள் இசபெல்லா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பேரனின் வாசனை இன்னும் சேலையில் இருந்தது. நேராகக் கொல்லைக்குப் போனாள்.

வெண்டை இலைகள் ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டிருந்தன. பூ உதிர்ந்து கிடந்தது. அவரை முடிச்சுகள் நின்றன, கொடி நிற்கவில்லை. பெட்டிகளின் துளையோரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அம்புரோஸ் கடைசிப் பெட்டியின் முன்னால் குவளையோடு நின்றார்.

"ஒரு நேரம்கூட விடலளா. ரெண்டு நேரமும் ஊத்துனேன். ஏன் இப்படி வாடுதுன்னு தெரியல."

அவள் இரண்டு வாளிகளையும் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"குழாய்ல தண்ணி வரல. உனக்கு ஒரு டிரம் முழுசா மிச்சம் வச்சிருக்கேன்" என்றார். அந்தக் குரலில் பழைய நாலு விரல் பெருமை இருந்தது.

"கச்சான் காத்து. வெக்க தாங்கலபோல" என்றாள் இசபெல்லா. அவள் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை.

சாயந்தரம் முத்துக்கனி கடையில் போய் நின்றாள். முத்துக்கனி பனங்காட்டுப் பக்கத்துப் பெண். மண் விஷயம் அறிந்தவள்.

"அண்ணாச்சி தண்ணி ஊத்துததப் பாத்தேன்க்கா. நல்ல தண்ணின்னுல்லா நெனச்சேன். இனி அந்த மண்ணு பொழைக்கணும்னா, அடியில ஒழுகி ஓடுற மட்டும் நல்ல தண்ணி விடணும். உப்பு அதோட எறங்கிரும்."

"குடிக்கவே ஒரு டிரம்தான் இருக்கு."

"அப்போ விடுங்க. திருநாளுக்கு மார்க்கெட்ல மூணு கிலோ வெண்டைக்காய் வாங்கிக் குடுத்துருவோம். அந்தோனியாரு வந்து செடிய எண்ணவா போறாரு?"

"எண்ணுவாருல்லா."

"யாரு, சாமியா?"

"எங்க வீட்டுக்காரரு. பூவையே எண்ணி வச்சிருக்காரு."

முத்துக்கனிக்குச் சிரிப்பு வந்தது. இசபெல்லாவுக்கு வரவில்லை. ஆனாலும் மறுநாள் மார்க்கெட்டுக்குப் போய் மூன்று கிலோ வாங்கினாள். பையை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்புரோஸ் கொல்லையில் தரையோடு உட்கார்ந்திருந்தார். பெட்டியின் ஓரத்து வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"பதினாலு மாசமா நீ எனக்கு உப்பு போடல. இப்ப ஒரு துளி இருந்தாலும் நாக்கு சொல்லிருது" என்றார். "காத்துன்னியே இசபெல்."

அவள் பையை முந்தானைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் கொன்னுருக்கேன். அளந்து அளந்து ஊத்திக் கொன்னுருக்கேன்." பிறகு பையைப் பார்த்தார். "அது என்னது?"

அவள் முந்தானையை எடுத்துக் காட்டினாள். அவர் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். நாற்காலிக்கால் தரையில் உராயும் சத்தம் கேட்டது.

இரண்டு நாள் அவர் பேசவில்லை. அவள் வெண்டைக்காயைக் குழம்பு வைத்தாள். இருவரும் சாப்பிடவில்லை. அப்படியே முத்துக்கனி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

திருநாள் காலையில் அவள் கொல்லையைச் சுற்றினாள். பசலை இருந்தது. கத்தரிச்செடி இலை உதிர்த்தாலும் காயை விடவில்லை. சின்னச் சின்னதாக ஏழு. அதைப் பறித்துத் துணிப்பையில் போட்டாள். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் போய் நின்றாள். அவருக்கு அவளைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

"ஏழு கத்தரிக்காய் இருக்கு."

"நீயே கொண்டு போ."

"நானேன்னு சொன்னது நீங்க. நான் கொண்டு போனா நீங்க குடுத்ததா ஆவாது."

"என்னன்னு சொல்லிக் குடுக்க?"

"நடந்தத சொல்லுங்க."

அவ்வளவு நேரம் அவருக்கு நேராகக் கண் வைத்து அவள் பேசியதே இல்லை. அவர் தலை குனிந்தார். "அந்த வெள்ளச் சட்டைய எடு" என்றார்.

கெபி முன்னால் பந்தல். அடுப்பில் அண்டா. ஜெஸ்டின் நோட்டைப் புரட்டினான். "வெண்டைக்காய் எங்க மாமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். தோணியில் இயந்திரம் பார்த்த கிளைட்டனும் அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கரிச்ச தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன்லே" என்றார் அம்புரோஸ். சொல் குழறியது. மறுபடி சொன்னார். "எழுதுனத அடி. ஏழு கத்தரிக்காய்னு எழுது."

கிளைட்டன் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கினார். "தண்டலுக்கே தண்ணி தப்பிட்டா? பதினொரு நாளு எங்களுக்குச் சிரட்டையில ஊத்துன பாவம்ல இது."

அம்புரோஸின் வாயில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. கிளைட்டன் பையை வாங்கி, ஏழு காயையும் நறுக்கக் கிடந்த கத்தரிக்காய்க் குவியலில் கொட்டினார். பந்தல்காலைப் பிடித்து நின்ற இசபெல்லா அந்த ஏழையும் கண்ணால் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எது எதுவென்று தெரியவில்லை.

அசனத்துக்கு லாரியில் தண்ணீர் வந்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபிறகு ஒரு பீப்பாய் மிஞ்சியது. ஜெஸ்டினைப் பார்த்து இசபெல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. மறுபடி எடுத்தாள்.

"அந்தத் தண்ணி எங்களுக்கு வேணும். செடிக்கு."

குடிக்கவே இல்லாத நாளில் செடிக்கா என்று அவன் கேட்கவில்லை. லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான்.

கொல்லையில் அம்புரோஸ் குவளையை எடுத்தார். முதல் பெட்டியில் ஒரு குவளை ஊற்றி நிறுத்தினார்.

"இன்னும்" என்றாள் இசபெல்லா.

இரண்டாவது. மூன்றாவது. அடித்துளையில் தண்ணீர் ஒழுகி உவர்த் தரையில் ஓடியது. அவர் கை நின்றுவிட்டது.

"நல்ல தண்ணிளா. தரையிலல்லா போவுது."

"போவட்டும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த குவளையை ஊற்றினார். ஒழுகுகிற தண்ணீரை அவள் உள்ளங்கையில் ஏந்தி அவர் வாயருகே கொண்டுபோனாள். நாக்கால் தொட்டுப் பார்த்தார். "இருக்கு" என்றார். ஊற்றினார். மறுபடி தொட்டார். "கொறஞ்சிருக்கு." வெண்டை பிழைக்காது என்று இருவருக்கும் தெரியும். மண்ணைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டி பெட்டியாக நகர்ந்தார்கள். உப்பளத்து வெள்ளை மங்கும் நேரம் வரை ஆயிற்று.

கடைசிப் பெட்டிக்கு வந்தபோது பீப்பாயில் நாலு விரல் தண்ணீர் இருந்தது. பழக்கத்தில் அவர் இடது கை மூடியைத் தேடிப் போனது. இசபெல்லா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் மூடியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பக்கம் பிடிளா" என்றார். இருவரும் சேர்ந்து பீப்பாயைச் சரித்தார்கள்.