அங்குஸ்தியாஸின் மரியாதை

என் மனைவி அங்குஸ்தியாஸ் உங்களைத் திட்டினால் பயப்படாதீர்கள். அவள் மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் எழுந்து ஓட வேண்டும்.

ஸ்பெயினின் தெற்கே இருக்கிற எங்கள் கிரனாதாக்காரர்கள் எல்லாருமே கொஞ்சம் சிடுமூஞ்சிகள்தான். அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் எங்கள் ரெயாலெஹோ பகுதியில் சிடுமூஞ்சி யார் என்று கேட்டால் முதலில் இவளைக் காட்டிவிட்டுத்தான் மற்றவர்களைக் காட்டுவார்கள். அப்பா நடத்திய மதுக்கடையில் தவழ்ந்து, அங்கேயே நடை பழகி, அங்கேயே சமைக்கக் கற்றவள். நான் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் காப்பி குடிக்கப் போன என்னிடம், "தினமும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றியே, உங்க வீட்ல கண்ணாடி இல்லையா?" என்று கேட்டாள். அடுத்த வருஷம் கல்யாணம். இன்றைக்கும் அதே கடைதான். அடுப்படி அவளுடையது, கல்லா என்னுடையது. முடிதிருத்தும் பாசிலியோ தினமும் வருவது குடிப்பதற்காக அல்ல, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான்.

ஒருமுறை ஊசிப்போன மீனை எங்கள் தலையில் கட்டப் பார்த்த வியாபாரியிடம் மட்டும், "தயவுசெஞ்சு உக்காருங்க, தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?" என்றாள். அந்த ஆள் அப்புறம் எங்கள் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகன், அமதோர். நாலு வருஷமாக வடக்கே கலீசியாவில், சந்தியாகோ நகரத்தில் வேலை. ஓயாமல் மழை பெய்கிற ஊர் அது. அவன் கிளம்பிய அன்று அங்குஸ்தியாஸ் வீட்டிலிருந்த கறுப்புக் குடையின் கைப்பிடியில் பச்சை நாடாவை இறுகச் சுற்றிக் கொடுத்தாள். "வழுக்காது, பிடி" என்றாள். வழியனுப்பு அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு இங்கே மழை பெய்தால் அவளுக்கு மனசு நிலைகொள்ளாது. மழை நாளில் மீகாஸ் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். பழைய ரொட்டியை உதிர்த்து, பூண்டும் பன்றி இறைச்சித் துண்டுகளும் போட்டு, பெரிய வாணலியில் கை வலிக்கக் கிளற வேண்டும். கிளறிக்கொண்டே, "அங்க தினமும் மழை. என் புள்ளைக்கு யாரு கிண்டிக் குடுக்கிறா?" என்பாள். 

போன ஏப்ரலில் அமதோர் என்னைத் தனியாக போனில் கூப்பிட்டான்.

"அப்பா, நாளைக்கு இரியா அங்க வர்றா."

இரியா அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண். சரித்திரம் படிக்கிறவள். பேர் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், முகம் பார்த்ததில்லை.

"மேல்படிப்புக்கு கிரனாதாவுலயும் இடம் கெடச்சிருக்கு, வடக்கே பில்பாவோ நகரத்துலயும் கெடச்சிருக்கு. அவ கிரனாதாவுல சேர்ந்தா நானும் ஊருக்கே வந்துடுவேன். இல்லேன்னா ரெண்டு பேரும் பில்பாவோதான். ஒரு நாள் ஊரச் சுத்திப் பாத்து, நம்ம கடையில சாப்பிட்டு முடிவு பண்றேன்னு சொல்றா. யாருன்னு சொல்லிக்க மாட்டா. நீயும் அம்மாகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா அம்மா நடிக்க ஆரம்பிச்சுடும். இரியாவுக்கு உள்ளத உள்ளபடி பாக்கணுமாம்."

"உங்கம்மாவ உள்ளபடியா? ஏன்டா, அந்தப் பொண்ணு மேல உனக்கு என்ன கோபம்?"

"இன்னொண்ணுப்பா. இவங்க ஊர்ல கேள்வி கேட்டா கேள்வியாலதான் பதில் சொல்லுவாங்க. அது திமிர் இல்ல, பழக்கம்."

அன்று ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. நாலு வருஷம் கழித்துப் பையன் வீடு திரும்புவதும் திரும்பாததும் என் பெண்டாட்டியின் வாயில் இருக்கிறது. இதைவிட ஒரு தகப்பனுக்கு வேறென்ன சோதனை வேண்டும்?

மறுநாள் காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். முதுகில் பை, கையில் குடை. வெயில் சுள்ளென்று அடிக்கும்போது குடையோடு வருகிறவள் கலீசியாக்காரியாகத்தான் இருக்க வேண்டும். 

"மெனு இருக்கா?" என்று கேட்டாள்.

அங்குஸ்தியாஸ் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "காலையில ரொட்டியும் தக்காளியும்தான். அதுக்கு ஒரு மெனு, அதப் படிக்க ஒரு கண்ணாடி, அதுக்கொரு டாக்டரா? உக்காரு."

சுட்ட ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். பெண் ஒரு கடி கடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அங்குஸ்தியாஸ்.

"ஏன், எப்படி இருக்கணும்?"

பாசிலியோ கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். 

"எப்படி இருக்கணுமா? நான் என்ன பரீட்சையா வெச்சிருக்கேன்? சாப்பிட்டு எடத்தக் காலி பண்ணு. மலை மேல அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் போறதுன்னா இப்பவே போ. இந்தச் செருப்ப வெச்சுக்கிட்டு மேட்டுல ஏறுவியா? வழுக்கி விழப்போற. என் தலையில பழி போடாத."

பெண் போய்விட்டாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் நான் கொஞ்சம் ஆறுதலடைந்தேன். இவள் செருப்பைப் பற்றித் திட்டியிருக்கிறாள், அது நல்ல சகுனம். அந்தப் பெண்ணுக்கு அது தெரிய வேண்டுமே!

மத்தியானம் வானம் கறுத்துப் பொத்துக்கொண்டு ஊற்றியது. மழை என்றதும் அங்குஸ்தியாஸ் ரொட்டியை உதிர்க்க உட்கார்ந்துவிட்டாள். கடை நிறைய ஆட்கள். இரியா தொப்பலாகக் கால் நனைந்து உள்ளே வந்தாள். சொட்டுகிற குடையைக் கதவோரம் சாத்திவிட்டு ஒரு பியர் கேட்டாள்.

"என்னம்மா பாத்த?" என்றான் பாசிலியோ.

"எதப் பாக்காம இருக்க முடியும்?" என்றாள் அவள். பிறகு தானாகவே பேசினாள். "மேல தோட்டத்துல ஒரு படிக்கட்டு. அதோட கைப்பிடிச் சுவர்ல தண்ணி ஓடுது. மேலேருந்து கீழ வரைக்கும் கைய வெச்சுக்கிட்டே இறங்கினேன். அப்புறம் எதிர்மலைச் சந்துகள்ல வழி தப்பிட்டேன். எல்லாச் சந்தும் ஏதாவது ஒரு மதுக்கடையிலயே போய் முடியுதே, ஏன்?"

பாசிலியோ வாய்விட்டுச் சிரித்தான். எனக்கும் உயிர் வந்தது. நல்ல பெண். என் பையனுக்குப் புத்தி இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அங்குஸ்தியாஸ் பியரோடு ஒரு தட்டில் கத்தரிக்காய் வறுவலைக் கொண்டுவந்தாள். மெலிசாக அரிந்து பொரித்து, மேலே கரும்புப் பாகு விட்டது. எங்கள் ஊரில் ஒரு கோப்பை வாங்கினால் கூடவே ஒரு தட்டு காசில்லாமல் தானாக வரும். என்ன வரும் என்பது கடைக்காரர் இஷ்டம்.

இரியா தட்டைப் பார்த்தாள். "நான் இதக் கேக்கலையே" என்று சொல்லித் தட்டைத் திருப்பித் தள்ளினாள்.

 கிரனாதாவில் பிறந்த எவனும் வந்த தட்டைத் திருப்பியதில்லை. கொடுக்கிறவர் கையிலிருப்பதைப் பிடுங்கிக் கீழே போட்டதற்குச் சமம் அது.

அங்குஸ்தியாஸ் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டாள். பிறகு புன்னகை செய்தாள்.

"மன்னிக்கணும். உங்களுக்கு வேற ஏதாவது கொண்டு வரட்டுங்களா? சௌகரியமா உக்காந்திருக்கீங்களா?"

பாசிலியோ என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினான். தீர்ந்தது கதை. இதில் கொடுமை என்னவென்றால், இரியாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "பரவாயில்லங்க, ரொம்ப நன்றி" என்றாள். இந்த அம்மாள் ஒருவழியாக இளகிவிட்டாள் என்று நினைத்தாளோ என்னவோ! பில்பாவோ, பில்பாவோ என்று என் காதில் கேட்டது.

அங்குஸ்தியாஸ் முகத்தில் அந்தப் புன்னகை மாறாமல், கதவோரம் தேங்கிய தண்ணீரைத் துடைக்கத் துணியோடு போனாள். குடையை நகர்த்தி வைக்கக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். முதுகைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. இனித் துடைப்பாள் என்று பார்த்தால், குடையைச் சாத்தி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நேராக அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே வாணலியில் கரண்டி இடிபடுகிற சத்தம் பலமாகக் கேட்டது. வழக்கத்தைவிடக் கோபமாகக் கிளறுகிறாள் என்று எனக்குப் பட்டது.

கொஞ்ச நேரத்தில் வாணலியைத் தூக்கி வந்து நடு மேசையில் வைத்தாள். "மழை வந்தா இங்க மீகாஸ்தான்" என்றான் பாசிலியோ இரியாவிடம். மீகாஸை யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஆளுக்கொரு கரண்டியோடு சுற்றி நிற்போம். ஒரு வாய் எடுத்ததும் ஒரு எட்டு பின்னால் போய், அடுத்தவருக்கு வழி விட வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் தட்டில் தனியாகப் போட்டுக் கொடுப்பது. நான் அவசரமாக ஒரு தட்டை எடுத்து இரியாவின் முன்னால் வைத்தேன்.

"அந்தத் தட்ட எடு" என்றாள் அங்குஸ்தியாஸ். "அவளுக்கென்ன கை இல்லையா?"

இரியாவின் கையில் ஒரு கரண்டியைத் திணித்தாள். இரியா மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். நான் போ என்று கண் காட்டினேன். அவள் எழுந்து வந்து ஒரு வாய் எடுத்தாள். எடுத்தவள் அங்கேயே நின்று மென்றாள்.

"பின்னால போடி!" அங்குஸ்தியாஸ் போட்ட சத்தத்தில் பாசிலியோவே ஒரு எட்டு நகர்ந்துவிட்டான். "ஒரு வாய் எடுத்தா ஒரு எட்டு பின்னால. மரம் மாதிரி நின்னா மத்தவங்க எப்படித் திம்பாங்க? இது கூடத் தெரியாம நாளைக்கு உன் புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்ப?"

இரியா பின்னால் நகர்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததா, பூண்டுக் காரமா, தெரியவில்லை. ஆனால் மறுபடி முன்னால் வந்தாள், எடுத்தாள், சரியாகப் பின்னால் போனாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அங்குஸ்தியாஸ்.

"ஏன், நாளைக்கும் மழை பெய்யுமா?"

கடையே கொல்லென்று சிரித்தது. "மழைக்கு மழை இதுதான்னா எங்க ஊர்ல வருஷம் பூரா இதையே இல்ல திங்கணும்!" என்றாள் இரியா, வாய் நிறைய வைத்துக்கொண்டு.

"தெரியும். நாலு வருஷமா அந்த மழையத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்." அங்குஸ்தியாஸ் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் போய்க் குடையை எடுத்து வந்தாள். "நாடா பிரிஞ்சு தொங்குது பாரு. ஒரு குடைய ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல அந்தப் பயலுக்கு. இது இங்கயே இருக்கட்டும், புதுசா சுத்தி வைக்கிறேன். எப்ப வந்து எடுத்துக்குவீங்க, நீயும் அவனும்?"

  இரியா கரண்டியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தாள்.

"காலேஜ் எப்ப தெறக்குறாங்க?"

"கேட்டதுக்கு நேரா பதில் சொல்லுடி!"

"செப்டம்பர்ல" என்றாள் இரியா.

அன்று முழுக்க அவள் சொன்ன முதல் நேரான பதில் அது. அங்குஸ்தியாஸ் அவள் முகத்தை ஈரக் கையால் வழித்து, "ஒல்லிக்குச்சி, போய்த் தின்னு" என்று வாணலிப் பக்கம் தள்ளிவிட்டாள். பாசிலியோ மூக்கைச் சிந்தினான். நான் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுவதுபோல் தேடினேன். என் பையன் வீட்டுக்கு வருகிறான்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. இரியா குடையில்லாமல் பஸ் ஏறிப் போனாள். கடையில் நாங்கள் இருவர் மட்டும். அங்குஸ்தியாஸ் பச்சை நாடாவை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?" என்று கேட்டாள். "காப்பி ஏதாவது கொண்டு வரட்டுங்களா?"