சூசை மாமாவுக்கு ஓர் இலை

என் பெயரால் எனக்கு இதுவரை ஒரு வாய் கோப்பிகூட ஓசியில் கிடைத்ததில்லை. இரண்டு புத்தகங்களின் அட்டையில் ஏறிய பெயர்தான். இருந்தும் எங்கள் பீடோங் ஊரில் யாரும் எழுந்து எனக்கு நாற்காலி தந்ததில்லை. என் தாய்மாமாவின் பெயர் எந்த அட்டையிலும் ஏறவில்லை. ஆனால் அதைச் சொன்னால் சோறு வந்தது.

மாமாவின் பெயர் சூசை. முனியாண்டிக்குக் கிடா வெட்டும் குடும்பத்தில் சூசை எப்படி வந்தார் என்றால், அவருக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. நம் சாமிகள் கைவிட்ட பிறகு தாத்தா சூசையப்பர் கோயிலில் போய் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. அது எபிரேயப் பெயர் என்றும், 'இன்னும் கூட்டித் தருவார்' என்பது போல ஏதோ பொருள் என்றும் பின்னாளில் படித்தேன். மாமாவுக்கு எபிரேயம் தெரியாது. எடை போட்ட பிறகு இரண்டு மீன் கூட்டிப் போடத் தெரியும்.

தஞ்சோங் டாவாயில் படகு வந்ததும் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிள் பின்னால் பெட்டி கட்டி, ரப்பர்த் தோட்டம் தோட்டமாக விற்பார். பள்ளி விடுமுறை என்றால் முன்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் நான்.

டாவாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய், "வாங்க யூசுப், பாப்பாவும் வந்திருக்கா" என்று நெய்ச்சோறும் தாளிச்சாவும் வைப்பார். பீடோங்கில் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிராணி ஒருவர், வண்டிச் சத்தம் கேட்டதுமே, "ஜோசப் வந்தாச்சு, கேக்கு எடு" என்று உள்ளே குரல் கொடுப்பார். மாமா இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

"மாமா, உங்க பேரு எதுதான்?"

"எல்லாம் ஒண்ணுதான்லா. சோறு போடறவங்க அவுங்க வாய்க்குத் தோதா கூப்புட்டுக்கட்டும்."

எங்கே சாப்பிட்டோம் என்று வீட்டில் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அப்போது நான் ரகசியம் காப்பதில் கெட்டிக்காரி. எழுதத் தொடங்கிய பிறகு அந்தத் திறமையும் போய்விட்டது.

வீட்டில் சொல்லாததற்குக் காரணம் அப்பா. தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். ஒரு தீபாவளியன்று மாமாவை வாசலிலேயே நிறுத்தி, "ஒரு ஊர்ல யூசுப், ஒரு ஊர்ல ஜோசப். நான் கோயில்ல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது மச்சான்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மாமா எங்கள் படியேறவில்லை. அப்பா இல்லாத நேரம் பார்த்து என்னை இறக்கிவிட்டு, மீனை அம்மாவிடம் நீட்டுவார்.

"ஒரு வாய் சாப்புட்டுப் போயேன், தம்பி." அம்மா வாயில் மாமாவின் பெயரே வந்ததில்லை. எப்போதும் தம்பிதான்.

"வவுறு ரொம்பிக் கிடக்குக்கா."

எங்கள் வீட்டுச் சமையல் மாமாவுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கும் பிடிக்காதுதான்.

ஒரு காலை, படகுத்துறையில் மீன் கூடையைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே எல்லாம் முடிந்திருந்தது. அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிணவறைக்கு வெளியே மரத்தடியில் பாய் நின்றார், கிராணி நின்றார், கமிட்டி ஆட்கள் சூழ அப்பா நின்றார்.

"உங்க ஆளுன்னா தாராளமா எடுத்துக்குங்க பாய், நாங்க தலையிடல" என்றார் அப்பா. "நாளைக்கு ஒரு பிரச்சினை வரக் கூடாது பாருங்க."

"அல்லா, அவரு மார்க்கத்துக்கு வரலைங்க. ஒரு பிரியத்துல கூப்புடுறது. கிராணியார் வீட்டு ஆளுன்னுதான் நாங்க நெனச்சிருந்தோம்."

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞானஸ்நானம் வாங்கலையே. நான் எப்படிச் சாமியார்கிட்ட போய்க் கேக்கறது? நீங்க பாத்துச் செஞ்சா எங்களுக்கு வருத்தமில்ல."

விருந்தில் தட்டில் மிஞ்சிய கடைசி முறுக்கை, நீங்க எடுத்துக்குங்க, இல்ல நீங்க, என்று ஒருவர் பக்கம் ஒருவர் நகர்த்துவார்களே, அப்படி இருந்தது. மாமாவுக்குத்தான் எவ்வளவு மரியாதை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. சிமெண்டு பெஞ்சில் இருந்த அம்மா எழுந்து போய் அப்பாவுக்கு எதிரே நின்றார்.

"அவனுக்கு எந்தப் பேரும் வேணாம். என் தம்பி. வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க."

அம்மா அப்பாவை நேராகப் பார்த்துப் பேசி நான் கண்டது அன்றுதான். வண்டி வந்தது. மாமா எங்கள் படியேறினார். நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள்.

கருமாதிக்கு முதல் நாள் படையல். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட வேண்டும். அம்மா அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மீனு வச்சிரு அக்கா, மீன்காரன்தானே" என்றார் சித்தி.

"அவன் மீனு திம்பானான்னே எனக்குத் தெரியாதுடி."

எனக்குத் தெரியும். ஒப்பந்தம் மாமாவோடு முடிந்துவிட்டது என்று நானாகத் தீர்மானித்து முன்னால் வந்தேன்.

"மாமா மீனே திங்கமாட்டாரும்மா, நாத்தம் மூக்குலயே நிக்குதுன்னுவாரு. பாய் கடை நெய்ச்சோறு புடிக்கும். தாளிச்சால மாங்கா இருந்தா ரெண்டு தடவ கேட்டு வாங்குவாரு. கிராணி வீட்டு கேக்குல திராட்சைய மட்டும் பொறுக்கி எனக்குக் குடுத்துருவாரு."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா சட்டையை மாட்டினார். மோட்டார் சைக்கிள் டாவாய் பக்கம் போகும் சத்தம் கேட்டது. சாயங்காலம் தூக்குச்சட்டியோடும் ஒரு கேக் பொட்டலத்தோடும் திரும்பி, இரண்டையும் அம்மாவின் பக்கத்தில் வைத்தார்.

எல்லாவற்றையும் இலையில் பரிமாறிவிட்டு அம்மா சொன்னார்: "சாப்புடு தம்பி."

வயிறு நிறைந்திருக்கிறது என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. அம்மா இலைக்கு முன்னால் சரிந்து, அடிவயிற்றிலிருந்து அழுதார்.

பரீட்சையில் ஒரு கேள்வியும் விடாமல் எழுதிவிட்டு வந்தவளைப் போல நின்றிருந்தேன் நான். எல்லாம் சரியாகத்தானே சொன்னேன், அம்மா ஏன் இப்படி அழுகிறார் என்று கேட்க அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா இலையைப் பார்க்காமல் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.